ஒரே ஃபீஸ், வேறு வேறு கடன்: அமெரிக்க மருத்துவ மாணவர்களுக்கு எந்த வழி?

ஜார்ஜியாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இளநிலைப் படிப்பில் மகளோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழிக்கும் கிடைத்திருக்கிறது. தோழி கறுப்பினப் பெண். வீட்டில் அம்மா மட்டும்தான், முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. "என் மகளுக்காக நாங்கள் போட்டு வைத்த கணக்கைத் தனக்கும் தரச் சொல்லி அந்தப் பெண் கேட்கிறாள். அப்படியே கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். அப்பா கூடக் கையெழுத்துப் போட்டுத் தனியார் கடன் வாங்குவது என்ற அந்தக் கணக்கு மகளுக்குச் சரியாக வரும், தோழியை மாட்டிவிடக்கூடும். இதேபோல, அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பலரும் எந்தக் கடன், எந்த உதவித்தொகை என்று கேட்டுக்கொண்டிருப்பதால், எல்லா வழிகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

## கணக்கு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2019-இல் பட்டம் பெற்றவர்களைப் பற்றிக் கொடுத்த கணக்கின்படி, மொத்தத்தில் 73 சதவீதம் பேர் கல்விக் கடனோடு வெளியே வந்தார்கள். கறுப்பின மாணவர்களில் அது 91 சதவீதம். கடன் வாங்கியவர்களின் நடுமட்டக் கடன் (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்கு இதற்குக் கீழ்) மொத்தத்தில் 2 லட்சம் டாலர், கறுப்பின மாணவர்களுக்கு 2.3 லட்சம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, படித்து முடிக்கும்போது ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் கடன் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று மாணவர்களிடமே கேட்டது. கறுப்பினத்தவரில் 77.3 சதவீதம், வெள்ளையரில் 65.1, ஹிஸ்பானிக் மாணவர்களில் 57.2, ஆசியரில் 50.2.

தோழியின் இனத்தவர் செலவாளிகள் என்பதால் வந்த வித்தியாசம் இல்லை இது. 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பில் ஒரு நடுமட்ட வெள்ளைக் குடும்பத்தின் நிகர சொத்து 2.85 லட்சம் டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. ஆசியக் குடும்பத்துக்கு 5.36 லட்சம். அமெரிக்க நடுத்தர வர்க்கம் சொத்து சேர்த்தது பெரும்பாலும் வீட்டு வழியாக. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு 1930-களிலிருந்து பல பத்தாண்டுகள் வீட்டுக் கடனே மறுக்கப்பட்டது. தாத்தா வாங்காத வீட்டை அடமானம் வைத்துப் பேத்தி படிக்க முடியாது.

நம் வீடுகளையும் இந்த இடத்தில் கொஞ்சம் பார்க்கலாம். ஆசியர்களின் எண் இவ்வளவு உயரமாக இருப்பதற்கு ஒரு காரணம், 1965-க்குப் பிறகு குடியேற்றச் சட்டம் பட்டதாரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியின் சொற்பக் கட்டணத்தில் பொறியியலோ மருத்துவமோ முடித்து, கடன் இல்லாமல் விமானம் ஏறியவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். அந்தப் படிப்புக்குப் பணம் கொடுத்தது தமிழ்நாட்டின் வரிப்பணம். "எங்கள் பிள்ளைகள் கடன் இல்லாமல் முடிக்கிறார்களே, இவர்களால் ஏன் முடியவில்லை" என்று சிலர் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். 'ஆசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் அகதிகளாக வந்த கம்போடிய, ஹ்மாங் குடும்பங்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய நிலைமை முற்றிலும் வேறு என்பதும் உண்மை.

இன்னொன்று, தோழி பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயிருந்து தொடங்குகிறாள். 2016-இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, இளநிலைப் பட்டம் வாங்கும் அன்றே கறுப்பின மாணவர்களின் சராசரிக் கடன் வெள்ளையரைவிட 7,400 டாலர் அதிகம். நான்கு வருடம் கழித்து அந்த இடைவெளி ஏறக்குறைய 25,000 ஆகிவிடுகிறது. வட்டி ஒரு பக்கம், மேற்படிப்புக்கு வாங்கிய புதுக் கடன் இன்னொரு பக்கம்.

## எதை வைத்து எடை போடுவது

ஒப்பீடு என்றாலே வட்டி விகிதத்தை முதலில் போடுவது வழக்கம். பின்னால் ஆதரவு உள்ளவர்களுக்கு அது சரி. இல்லாதவர்களுக்கு அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். என் வரிசை இப்படி:

படிப்பு நடுவில் நின்றால் என்ன ஆகும்? யாரும் கேட்க விரும்பாத கேள்வி. 2022-இல் வந்த ஓர் ஆய்வில் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் வெள்ளையரில் 2.3 சதவீதம், கறுப்பினத்தவரில் 5.7 சதவீதம். சின்ன எண்தான், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல். டாக்டர் சம்பளம் இல்லாமல் டாக்டர் கடன் மட்டும் மிஞ்சுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

யாருடைய கையெழுத்து தேவை? கூடக் கையெழுத்துப் போட ஆள் தேவைப்படும் கடன், ஆள் இல்லாதவருக்குக் கடனே இல்லை.

ரெசிடென்சி (பட்டம் வாங்கியபின் மருத்துவமனையில் சம்பளத்தோடு பெறும் பயிற்சி) வருடங்களில் தவணை எவ்வளவு? சம்பளம் 65,000 டாலரை ஒட்டி இருக்கும் காலம் அது. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம்வரை நீளும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கு அந்த 65,000-மும் முழுதாகக் கையில் நிற்காது.

எதை விட்டுக்கொடுக்கிறோம்? எந்தத் துறை, எந்த ஊர், எத்தனை வருடம்.

மொத்தத்தில் கையை விட்டுப் போவது எவ்வளவு? வட்டி விகிதம் இதற்குள் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "டாக்டர் ஆகிவிட்டால் எல்லாம் அடைத்துவிடலாம்" என்று வரும் வருமானத்தை எல்லாருக்கும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். 2010 முதல் 2013 வரையிலான கணக்கெடுப்பை வைத்து வெளிவந்த ஆய்வு ஒன்றில், துறை, வேலை நேரம் போன்றவற்றைச் சமன்செய்த பிறகும் வெள்ளை ஆண் மருத்துவரின் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 2.53 லட்சம், கறுப்பின ஆண் மருத்துவருக்கு 1.88 லட்சம். வெள்ளைப் பெண் மருத்துவருக்கு 1.63 லட்சம், கறுப்பினப் பெண் மருத்துவருக்கு 1.53 லட்சம். தோழியின் கணக்கில் எதிர்கால வருமானத்தைத் தாராளமாகப் போடாதீர்கள்.

## 1. கல்லூரியே கட்டணத்தை எடுத்துக்கொள்வது

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018-இல் எல்லா மாணவர்களுக்கும் கட்டணத்தை நீக்கியது. 2024-இல் பிராங்க்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரி, ரூத் காட்ஸ்மன் கொடுத்த 100 கோடி டாலரால் அதே வழிக்கு வந்தது. அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ், புளூம்பெர்க் அறக்கட்டளையின் 100 கோடி டாலரை வைத்து, குடும்ப வருமானம் 3 லட்சம் டாலருக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, 1.75 லட்சத்துக்குள் இருந்தால் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் இல்லை என்று அறிவித்தது.

எல்லா அளவுகோலிலும் முதலிடம் இதற்குத்தான். ஒரே குறை, இடம் கிடைக்க வேண்டும். கட்டணம் போனதும் விண்ணப்பங்கள் குவிந்தன, போட்டி கடுமையாயிற்று. தனிப் பயிற்சிக்கும், சம்பளமில்லாத ஆராய்ச்சி வருடத்துக்கும் வசதி உள்ளவர்கள் முன்னால் போய்விடுகிறார்கள். எல்லாருக்கும் இலவசம் என்ற நியூயார்க் முறையைவிட வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் ஹாப்கின்ஸ் முறை நியாயமானது என்பது என் கட்சி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் கட்டணத்தைத் தள்ளிவிடுவது என்ன கணக்கோ.

மறைந்திருக்கும் செலவு: அரசுக் கடனுக்கு மருத்துவ மாணவர் தனி நபர், பெற்றோரின் வருமானம் தேவையில்லை. ஆனால் கல்லூரி தன் பணத்திலிருந்து உதவி தரும்போது பல இடங்களில் பெற்றோரின் கணக்கு வழக்கைக் கேட்பார்கள். அப்பாவோடு தொடர்பே இல்லாத பெண்ணுக்கு அந்தப் படிவம் பெரிய முட்டுக்கட்டை. விதிவிலக்கு கேட்டு முன்கூட்டியே எழுத வேண்டும்.

இனத்தைக் குறிப்பிட்டுக் கொடுத்த உதவித்தொகைகள் 2023 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல கல்லூரிகளில் மாறிவிட்டன. தீர்ப்பு சேர்க்கையைப் பற்றியதுதான் என்றாலும், வழக்குப் பயத்தில் உதவித்தொகையின் நிபந்தனைகளையும் திருத்தினார்கள். 2024-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 11 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பழைய பட்டியலைப் பார்த்து "உனக்கென்று தனி ஸ்காலர்ஷிப் இருக்குமே" என்று தோழிக்கு யாரும் நம்பிக்கை கொடுக்க வேண்டாம்.

## 2. வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள்

கறுப்பினச் சமூகத்துக்குச் சேவை செய்ய உருவான மருத்துவக் கல்லூரிகள் இவை: வாஷிங்டனில் ஹோவர்ட், நாஷ்வில்லில் மெஹாரி, அட்லாண்டாவில் மோர்ஹவுஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் சார்லஸ் ட்ரூ. இவை கடன் வகைகள் இல்லையே, இந்தப் பட்டியலில் ஏன் என்று கேட்கலாம். தோழிக்கு மோர்ஹவுஸிலும் இடம் கிடைத்திருக்கிறது என்று வாசகி எழுதியிருக்கிறார். அதனால் இதையும் ஒரு வழியாக எடைபோட்டே ஆக வேண்டும்.

1910-இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியது என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். அதன் பின் அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. அந்த ஐந்தும் தொடர்ந்து நடந்திருந்தால் 35,000-க்கு மேல் கூடுதல் மருத்துவர்கள் வந்திருப்பார்கள் என்று 2020-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கல்லூரிக்குக் கொடை சேர்வது வசதியான பழைய மாணவர்களால். பழைய மாணவர்களே வெட்டப்பட்டுவிட்டால் கொடை எங்கிருந்து வரும்? நிதி குறைவு, அதனால் உதவித்தொகை குறைவு, அதனால் மாணவர் கடன் அதிகம். அந்தக் கடன்தான் அடுத்த தலைமுறைக் கொடையையும் தடுக்கிறது.

புளூம்பெர்க் அறக்கட்டளை 2020-இல் இந்த நான்கு கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. தேவை உள்ளவர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் வரை கிடைத்தது. 2024-இல் 60 கோடி அறிவித்தது: ஹோவர்ட், மெஹாரி, மோர்ஹவுஸ் ஒவ்வொன்றுக்கும் 17.5 கோடி, ட்ரூவுக்கு 7.5 கோடி. இந்த இரண்டாவது தொகை வைப்பு நிதி. வழக்கமாக இதில் ஆண்டுக்கு 4, 5 சதவீதம்தான் எடுத்துச் செலவழிப்பார்கள். 17.5 கோடியில் அது 70 முதல் 90 லட்சம் டாலர். பல நூறு மாணவர்களுக்குப் பிரித்தால் நல்ல உதவி, ஆனால் "மோர்ஹவுஸ் இலவசமாகிவிட்டதாமே" என்று பரவிய பேச்சு தப்பு.

அப்படியானால் அங்கே ஏன் போக வேண்டும்? படிப்பை முடிக்க வைக்கும் சூழல். வகுப்பில் தன்னைப் போன்றவர் தான் ஒருத்தி மட்டும் என்ற சுமை இல்லாமல் படிப்பதற்கும், கைதூக்கிவிடும் ஆசிரியர்கள் இருப்பதற்கும் பண மதிப்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன். முதல் அளவுகோலில் இவை நன்றாக நிற்கும். கடைசி அளவுகோலில் சொந்த மாநில அரசுக் கல்லூரியிடம் தோற்கும். வருடத்துக்கு ஐந்தாறு ஆயிரம் டாலர் வித்தியாசம் என்றால் மோர்ஹவுஸ்தான். இருபதாயிரத்தைத் தாண்டினால் எனக்கே தயக்கம் வரும்.

## 3. அரசுக் கடனும் பத்து வருடப் பொதுச் சேவைத் தள்ளுபடியும்

பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இதுதான். 2026 ஜூலை 1 முதல் விதிகள் மாறுவதால் பழைய அறிவுரைகளை ஓரமாக வையுங்கள்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், முழுச் செலவுக்கும் கடன் தந்துவந்த 'கிராட் பிளஸ்' திட்டத்தைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு நிறுத்திவிட்டது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம், அதோடு சரி. 2025-இல் முடித்த வகுப்புக்கு நான்கு வருட முழுச் செலவு, நடுமட்டமாக, அரசுக் கல்லூரியில் சுமார் 2.86 லட்சம், தனியார் கல்லூரியில் சுமார் 3.9 லட்சம். அதாவது அரசுக் கல்லூரியில் 86,000, தனியாரில் 1.9 லட்சம் துண்டு விழுகிறது. மகளின் வீட்டில் அதை அப்பா அம்மா போட்டுவிடுவார்கள். தோழி தனியார் வங்கிக்குப் போக வேண்டும். கண்டபடி கடன் கொடுப்பதால்தான் கட்டணம் ஏறுகிறது, வரம்பு வைத்தால் கல்லூரிகள் அடங்கும் என்பது சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம். அடங்கலாம். அதுவரைக்கும் துண்டை யார் போடுவது என்பதற்கு அதில் பதில் இல்லை.

2025–26-இல் இந்தக் கடனுக்கு வட்டி 7.94 சதவீதம். கல்லூரியில் உட்கார்ந்திருக்கும்போதே வட்டி ஓடும். வருடம் 50,000 வாங்கினால், பட்டம் வாங்கும் நாளில் வட்டி மட்டும் 35,000-ஐ ஒட்டி நிற்கும்.

இனி தள்ளுபடிக்கு வருவோம். 2007-இல் வந்த திட்டம். அரசு அமைப்பிலோ லாப நோக்கற்ற மருத்துவமனையிலோ முழு நேரம் வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் ரத்து, அதற்கு மத்திய வருமான வரியும் கிடையாது. ரெசிடென்சி நடக்கும் மருத்துவமனைகள் பெரும்பாலும் லாப நோக்கற்றவை என்பதால் அந்த வருடங்களும் கணக்கில் சேரும்.

தோழிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடனும் வட்டியும் சேர்த்து 2.35 லட்சம். புதிய திருப்பிச் செலுத்தும் திட்டத்தில் தவணை வருமானத்தைப் பொறுத்தது: 60,000-க்கும் 70,000-க்கும் இடையே 6 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம். ரெசிடென்சியில் 65,000 சம்பளத்துக்கு மாதம் 325 டாலர். கட்டியதுபோக மிஞ்சும் அந்த மாத வட்டியை அரசே விட்டுக்கொடுக்கிறது. மூன்று வருடத்தில் 11,700. பிறகு ஏழு வருடம் 2.3 லட்சம் சம்பளத்தில் வருடம் 23,000 என்றால் 1.61 லட்சம். ஆக மொத்தம் சுமார் 1.73 லட்சம். இதே கடனைச் சமமான தவணைகளில் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 2,840 டாலருக்கு மேல், மொத்தம் 3.4 லட்சம். ஏறக்குறைய பாதி மிச்சம். சம்பளம் இதைவிடக் குறைந்தால் தவணையும் குறையும், தள்ளுபடி கூடும். வருமான ஏற்றத்தாழ்வைத் தாங்கும் ஒரே கடன் வழி இது என்பதால்தான் தோழிக்கு இதை முன்னால் வைக்கிறேன். ரெசிடென்சி ஐந்து, ஆறு வருடம் நீளும் அறுவை சிகிச்சைத் துறைகளில் மிச்சம் இன்னும் அதிகம்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் நிறைய:

- 119 தவணை கட்டிவிட்டு விட்டுவிட்டால் பாதித் தள்ளுபடி என்று எதுவும் இல்லை.
- ரெசிடென்சியில் "இப்போதைக்குத் தவணையை நிறுத்தி வைக்கிறேன்" என்று படிவம் கொடுத்தால் அந்த மாதங்கள் கணக்கில் வராது. களைப்பில் பலர் செய்வது இது. மாதம் 325 கட்டினால் கிடைத்திருக்கும் 36 மாதங்கள் அப்படியே போய்விடும்.
- தொடக்க வருடங்களில் வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 99 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. தவறான கடன் வகை, தவறான தவணைத் திட்டம், வேலை கொடுத்தவரின் சான்று இல்லாமை போன்ற காரணங்கள். ஆண்டுதோறும் சான்றுப் படிவத்தை அனுப்பி, எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டே வர வேண்டும்.
- கல்யாணமானபின் வருமான வரியைச் சேர்ந்து தாக்கல் செய்தால் துணைவரின் சம்பளத்தையும் சேர்த்துத் தவணை போடுவார்கள். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் தவணை குறையும், வரி ஏறும். இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.
- 2026 ஜூலை முதல், 'சட்டவிரோத நோக்கம்' கொண்டதாகக் கல்வித் துறை முடிவு செய்யும் அமைப்புகளைத் தகுதிப் பட்டியலிலிருந்து நீக்க ஒரு விதி வந்திருக்கிறது. எந்த மருத்துவமனையைத் தொடும் என்று இப்போதே சொல்ல முடியாது. பத்து வருடத் திட்டத்தில் அரசியலும் ஓர் ஆபத்துதான்.

கூடவே ஒன்று, பலருக்குத் தெரியாதது. மத்திய சுகாதாரத் துறையின் பணத்தில் சில கல்லூரிகள் பின்தங்கிய பின்னணி உள்ள மாணவர்களுக்கு 5 சதவீத வட்டியில் தனிக் கடன் தருகின்றன. படிக்கும் காலத்தில் வட்டி ஏறாது. எல்லாக் கல்லூரியிலும் இல்லை, தொகையும் பெரிதில்லை. ஆனாலும் கேட்காமல் விடக்கூடாது.

## 4. தேசிய சுகாதார சேவைப் படை

இது மத்திய அரசின் திட்டம். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டால் கட்டணம், இதர கல்விச் செலவு, மாதாந்திர உதவி எல்லாம் வரும். ஒரு வருட உதவிக்கு ஒரு வருடச் சேவை, குறைந்தது இரண்டு. குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது மருத்துவம், மகப்பேறு, மனநலம் போன்ற துறைகளுக்கு மட்டும்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். படிப்பையே விட்டால் வாங்கிய தொகையை மூன்று வருடத்துக்குள் திருப்ப வேண்டும். படித்து முடித்தபின் சேவை செய்ய மறுத்தால் மூன்று மடங்கும் வட்டியும். இருபத்திரண்டு வயதில் "நான் குழந்தை மருத்துவர்தான்" என்று சொல்லும் பெண் மூன்றாம் வருடத்தில் அறுவை சிகிச்சை அறைக்குள் நுழைந்து மனம் மாறுவது சாதாரணமாக நடப்பது. கடன் பயத்தில் துறையைப் பூட்டிவிடுவதுதான் இந்த வழியின் உண்மையான விலை. வசதி உள்ளவர் யோசித்து முடிவெடுக்க நான்கு வருடம் கிடைக்கிறது, இல்லாதவர் முதல் நாளே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதனால் உதவித்தொகையைவிட, அதே படையின் பிந்தைய திட்டங்களை நான் விரும்புகிறேன். கடைசி வருடத்தில் சேர்ந்தால் மூன்று வருடச் சேவைக்கு 1.2 லட்சம் டாலர் வரை. ரெசிடென்சி முடித்தபின் சேர்ந்தால், முதல்நிலைச் சிகிச்சை (பிரைமரி கேர்) மருத்துவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு 75,000 வரை. துறை முடிவான பிறகு கையெழுத்துப் போடலாம். சொந்த ஊரே பற்றாக்குறைப் பகுதியாக இருந்து, அங்கேயே திரும்பிப் போக நினைப்பவருக்கு இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் போட்டி உண்டு, கிடைத்தே தீரும் என்று நினைத்துக் கடனை ஏற்றிவிடக்கூடாது.

## 5. ராணுவம்

தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுமே முழுக் கட்டணமும் மாதத் தொகையும் கொடுக்கும். நான்கு வருடத்துக்கு நான்கு வருடச் சேவை. பெதஸ்டாவில் உள்ள ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கட்டணமும் இல்லை, படிக்கும்போதே அதிகாரிச் சம்பளம், பதிலுக்கு ஏழு வருடம். ரெசிடென்சிக் காலம் இந்தக் கடமையைக் குறைக்காது. எந்தத் துறை, எந்த ஊர் என்பதில் படையின் தேவைக்கே முதலிடம். ராணுவ வாழ்க்கை பிடித்தவருக்கு அருமையான வழி. பணத்துக்காக மட்டும் போகிறவரை நான் தடுப்பேன்.

## 6. தனியார் கடன், அப்புறம் ரீஃபைனான்ஸ்

வாசகியின் மகளுக்கு அவர்கள் போட்டிருந்த கணக்கு இதுதான்: அப்பா கூடக் கையெழுத்துப் போட்டுத் தனியார் கடன், ரெசிடென்சி முடிந்ததும் குறைந்த வட்டிக்கு மாற்றி, ஐந்து வருடத்தில் அடைத்துவிடுவது. நல்ல கிரெடிட் ஸ்கோரும் சொந்த வீடும் உள்ள அப்பா கையெழுத்துப் போட்டால் அரசுக் கடனைவிடக் குறைந்த வட்டி கிடைக்கக்கூடும். தனியார் கிளினிக்கில் உயர்ந்த சம்பளத்துக்குப் போகப் போகிறவருக்குத் தள்ளுபடித் திட்டத்தால் லாபமும் இல்லை. மகளுக்குச் சரியான கணக்குதான்.

தோழி இதையே செய்தால்? அம்மாவின் கையெழுத்துக்கு வங்கி அதே வட்டி தராது, கடனையே மறுத்தாலும் மறுக்கும். வருமானத்துக்கேற்ற தவணை இல்லை. பொதுச் சேவைத் தள்ளுபடி இல்லை. படிப்பு நின்றால் வங்கி அம்மாவைத் தேடி வரும். அரசுக் கடனை ஒருமுறை தனியாருக்கு மாற்றிவிட்டால் திரும்ப அரசுக் கடனாக்க முடியாது. துண்டு விழும் சிறு தொகைக்கு வேறு வழியே இல்லை என்றால் மட்டும் இதைத் தொடலாம். அதிலும் கூடக் கையெழுத்துப் போட்டவரை இத்தனை தவணைக்குப் பிறகு விடுவிப்பதாக எழுத்தில் தரும் கடனைத் தேட வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | படிப்பு நின்றால் | கூடக் கையெழுத்து | ரெசிடென்சியில் தவணை | விட்டுக்கொடுப்பது |
|---|---|---|---|---|
| கல்லூரியின் உதவி | இழப்பு குறைவு | வேண்டாம் | இல்லை, அல்லது சிறிது | ஒன்றுமில்லை. இடம் கிடைப்பதுதான் கஷ்டம் |
| அரசுக் கடன் + தள்ளுபடி | கடன் நிற்கும், தவணை வருமானப்படி | வேண்டாம் | மாதம் 325 டாலர் அளவில் | பத்து வருடம் லாப நோக்குள்ள இடத்தில் வேலை இல்லை |
| சேவைப் படை உதவித்தொகை | மூன்று வருடத்தில் திருப்ப வேண்டும் | வேண்டாம் | இல்லை | துறை, ஊர் |
| ராணுவம் | பணமோ சேவையோ கேட்பார்கள் | வேண்டாம் | இல்லை | துறை, ஊர், சீருடை வாழ்க்கை |
| தனியார் கடன் | முழுத் தொகையும் தலையில் | பெரும்பாலும் வேண்டும் | வங்கி வைத்தது சட்டம் | பாதுகாப்பு |

கறுப்பினக் கல்லூரிகளை அட்டவணையில் சேர்க்கவில்லை. அங்கே சேர்பவரும் இந்த ஐந்தில் ஒன்றால்தான் பணம் கட்டுவார்.

## வாசகிக்குப் பதில்

தோழிக்கு நான் சொல்லும் வரிசை: கல்லூரி தரும் மானியம் போக நான்கு வருடத்துக்கு மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதுங்கள். அது 2 லட்சத்துக்குள் அடங்கும் கல்லூரிகளை மட்டும் மேஜையில் வையுங்கள். அவற்றுள் எது படிப்பை முடிக்க வைக்கும் என்று பாருங்கள். அரசுக் கடன் வாங்கி, லாப நோக்கற்ற மருத்துவமனையில் ரெசிடென்சி, முதல் மாதத்திலிருந்தே தவணை. துறை முடிவான பிறகு சேவைப் படை. இளநிலைக் கடன் 2 லட்ச வரம்பில் சேராது, ஆனால் வாழ்நாள் மொத்த வரம்பு 2,57,500 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு உங்கள் கணக்கு போதும். குழந்தை மருத்துவம் போன்ற சம்பளம் குறைந்த துறையில் மனம் இருந்தால் மட்டும் தனியார் கடனைத் தள்ளிவைத்து அரசுக் கடனைப் பாருங்கள். ஒருவேளை அவள் இன்னும் ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தருவது) இருந்தால் கதையே வேறு. அரசுக் கடனுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், சேவைப் படைக்கும் ராணுவத்தின் உதவித்தொகைக்கும் குடியுரிமையே வேண்டும்.

இருவருக்கும் பொதுவானது தேதி. ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இடம் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 30-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் எல்லா உதவிக் கடிதங்களையும் கையில் வாங்கிவிடுங்கள். முதல் வருடம் தரும் மானியம் நான்காம் வருடமும் வருமா, ஒரு வருடம் திரும்பப் படிக்க நேர்ந்தால் நிற்குமா என்று ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வேறு கல்லூரி கொடுத்த கடிதத்தைக் காட்டிக் கூடுதலாகக் கேட்பதிலும் தப்பில்லை. வசதியான வீடுகளில் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். தோழிக்கு அப்படிக் கேட்கலாம் என்பதையே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்.